பழைய டெலஸ்கோப் வாங்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதுவரை நான் வாங்கிய தொலைநோக்கிகள் நான்கு. நான்கும் செகண்ட் ஹேண்ட். முதலாவது, தாம்பரத்தில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து 2,500 ரூபாய்க்கு இறங்கிய 76 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடித் தொலைநோக்கி (முன்னால் லென்ஸுக்குப் பதில், அடியில் ஒரு வளைந்த கண்ணாடி வெளிச்சத்தைக் குவிக்கும் வகை). இப்போது மொட்டை மாடிக்கு ஏறுவது 4,000 ரூபாய்க்கு வாங்கிய 114 மி.மீ. தெரிந்தவர்கள் வாங்கும்போதும் துணைக்குப் போவதுண்டு. போகிற இடமெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நன்றாக இருக்கிற பொருளை யாராவது விற்பார்களா? பழுதானதைத்தானே தள்ளிவிடுவார்கள்?

தொலைநோக்கி விஷயத்தில் நிலைமை வேறு. மிக்ஸி, பைக் போல ஓடித் தேய்கிற பொருள் இது கிடையாது. "பையனுக்குப் பிறந்தநாளுக்கு வாங்கினது, ரெண்டு தடவைதான் வெளியே எடுத்தோம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது நிஜம். முதல் நாள் ஒன்றும் தெரிந்திருக்காது, இரண்டாம் நாளும் தெரிந்திருக்காது, அப்புறம் பரண்தான்.

ஏன் தெரியவில்லை என்று பார்த்தால் காரணம் சில சமயம் சிரிப்பாக இருக்கும். தாம்பரத்து அண்ணன் "கும்மிருட்டாத்தான் தெரியுது" என்றார். குழாயின் வாயை மூடும் பெரிய மூடியின் நடுவே சின்னதாக இன்னொரு மூடி இருக்குமே, அந்தச் சின்ன மூடியை மட்டும் கழற்றிவிட்டு ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள். சின்ன ஓட்டை வழியாக வரும் வெளிச்சம் நிலாவுக்குப் போதும், வேறெதற்கும் போதாது. பெரிய மூடியையே கழற்ற வேண்டும் என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நானும் விலை பேசி முடித்த பிறகுதான் சொன்னேன். அது நியாயமா என்று இன்றைக்கும் ஒரு சின்ன உறுத்தல் உண்டு.

பெட்டியில் "525 மடங்கு பெரிதாகக் காட்டும்" என்று போட்டிருக்கிறதே?

அந்த 525 எப்படி வந்தது என்று பாருங்கள். குழாயின் குவியத் தொலைவு, அதாவது உள்ளே வரும் ஒளி குவிய ஆகும் தூரம், 700 மி.மீ. கூடக் கொடுக்கும் மிகச் சிறிய ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) 4 மி.மீ. எழுநூறை நாலால் வகுத்தால் 175. அதோடு உருப்பெருக்கத்தைக் கூட்டும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றைச் சேர்த்தால் 525. கணக்கு சரிதான். ஆனால் கண்ணுக்குத் தெரிவது சாம்பல் நிறக் குழம்பு.

ஒரு தொலைநோக்கி தாங்கும் உருப்பெருக்கம் அதன் வாய் விட்டத்தைப் பொறுத்தது. மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது உச்ச வரம்பு. 60 மி.மீ. என்றால் 120, 76 மி.மீ. என்றால் 150. நம் ஊர் ஈரக் காற்றில் பல இரவுகளில் அதுவும் கிடைக்காது. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நிலாக்களைக் கண்டது ஏறக்குறைய இருபது மடங்கு காட்டிய குழாயில். பெட்டியில் எவ்வளவு பெரிய எண் போட்டிருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படலாம்.

அப்படியானால் எந்த எண்ணைப் பார்த்து வாங்குவது?

விட்டத்தை. குழாயின் மீது அல்லது ஃபோகஸர் (ஐபீஸைப் பிடித்து, திருகிக் கூர்மைப்படுத்தும் பாகம்) பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கரில் டி என்ற எழுத்தோடு விட்டமும், எஃப் என்ற எழுத்தோடு குவியத் தொலைவும் இருக்கும். சில மாடல்களில் பெயரே எண்தான். எஃப்70076 என்றால் குவியத் தொலைவு 700, விட்டம் 76. எஃப்36050 என்றால் 360-உம் 50-உம்.

இந்த 36050 பழைய விலையில் ஐந்நூறு, ஆயிரத்துக்கு நிறையக் கிடைக்கும். கூட வரும் ஸ்டாண்டு மேஜை மீது வைக்கிற பொம்மை உயரம். தொட்டால் ஆடும், விட்டால் சாயும். நிலாவைப் பார்க்கலாம். வேறு எதையும் நம்பி வாங்காதீர்கள்.

லென்ஸ் வகையில் 60 அல்லது 70 மி.மீ., கண்ணாடி வகையில் 76 அல்லது 114 மி.மீ. கிடைத்தால் தைரியமாகப் போய்ப் பாருங்கள். 114 மி.மீ. கண்ணாடி 76-ஐ விட இரண்டேகால் மடங்கு வெளிச்சம் சேகரிக்கும். விலை பெரும்பாலும் அந்த அளவுக்கு ஏறாது.

லென்ஸ் வகையா, கண்ணாடி வகையா?

வீட்டில் திருப்புளி எடுத்தால் கை நடுங்குபவர் என்றால் லென்ஸ். அதில் ஒழுங்குபடுத்த எதுவும் பெரிதாக இல்லை. தூசி தட்டினால் பார்க்கலாம். கொஞ்சம் கை வேலை பிடிக்கும் என்றால் கண்ணாடி. அதே காசுக்குப் பெரிய விட்டம் கிடைக்கும். பழசில் கண்ணாடி வகை மலிவாக இருப்பதற்குக் காரணமே பலர் அதை ஒழுங்குபடுத்தத் தெரியாமல் கைவிடுவதுதான். நான் கண்ணாடிக் கட்சி.

1000 மி.மீ. குவியத் தொலைவு, ஆனால் குழாய் அரை மீட்டர்தான் இருக்கிறது. கையடக்கமாக இருக்கிறதே, வாங்கலாமா?

முதல் தொலைநோக்கி என்றால் வேண்டாம். சாதாரணக் கண்ணாடித் தொலைநோக்கியில் குழாயின் நீளமும் குவியத் தொலைவும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். 900 மி.மீ. என்றால் குழாய் ஏறக்குறைய 90 செ.மீ. பாதி நீளத்தில் அடக்கியிருந்தால் ஃபோகஸரின் அடியில் ஒரு கூடுதல் லென்ஸை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பேர்டு-ஜோன்ஸ் அமைப்பு என்பார்கள். தத்துவம் தவறில்லை, மலிவுப் பதிப்புகளில் அந்த லென்ஸ் சுமார், ஒழுங்குபடுத்துவதும் பெரும் பாடு. 114/1000, 127/1000 என்ற எண்களோடு குட்டைக் குழாயைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை 130/650 போன்றவற்றுக்கு. குவியத் தொலைவு விட்டத்தைப் போல ஐந்து மடங்கு மட்டும் இருக்கும் கண்ணாடி பரவளையமாக இருந்தே ஆக வேண்டும். கோள வடிவில் இழைத்து விற்றவையும் உண்டு. அவற்றில் எதுவும் கூர்மையாக வராது. 76/700, 114/900 இரண்டிலும் விகிதம் எட்டு, ஒன்பது என்று நீண்டிருப்பதால் கோளக் கண்ணாடியே தாக்குப்பிடிக்கும்.

போனில் பேசும்போது என்ன கேட்க வேண்டும்?

மூன்று படம் அனுப்பச் சொல்லுங்கள்: எண்கள் எழுதிய ஸ்டிக்கர், பெரிய மூடியைத் திறந்து உள்ளே எடுத்த படம், கூட வரும் எல்லாச் சாமான்களையும் பாயில் பரப்பி ஒன்று.

பிறகு ஐபீஸ் செருகும் குழாயின் குறுக்களவை ஸ்கேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 31.7 மி.மீ. என்றால் இன்றைய அளவு, எங்கும் ஐபீஸ் கிடைக்கும். 24.5 மி.மீ. என்றால் பழைய அளவு. புது ஐபீஸ் பொருந்த அடாப்டர் தேட வேண்டும். விலையில் அதைக் கழித்துப் பேசலாம்.

"ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றலாகிப் போகிறேன், முன்பணம் போட்டால் பார்சல் அனுப்புகிறேன்" என்பவரிடமும், க்யூஆர் கோடு அனுப்புபவரிடமும் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேரில் போனால் எதைச் சோதிப்பது?

பகலில், வெயில் இருக்கும்போதே போங்கள். இரவில் போனால் விற்பவர் நிலாவைக் காட்டுவார். நிலா எந்தக் குழாயிலும் அழகுதான், நீங்கள் மயங்கிவிடுவீர்கள்.

முதலில் கண்ணாடியை அல்லது லென்ஸைப் பாருங்கள். அதுதான் நீங்கள் வாங்குவது. கால், திருகு, கேபிள் எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். மொபைல் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துக் குழாய்க்குள் அடித்தால் எந்தக் கண்ணாடியும் குப்பைக் கிடங்கு போலத்தான் தெரியும், பயப்படாதீர்கள். தூசி பொருட்டே இல்லை. ஓரத்தில் சின்னதாகச் சில்லு பெயர்ந்திருந்தாலும் பரவாயில்லை. பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் போகுமே, அதுபோலப் பூச்சு திட்டுத்திட்டாகப் போயிருக்கிறதா? தொலைநோக்கிக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இல்லை, முன்பக்கம். மிக மெல்லிய அலுமினியப் படலம். அது உரிந்துவிட்டால் வெற்றிடத்தில் மறுபடி பூச வேண்டும், அந்தச் செலவு தொலைநோக்கி விலையைத் தாண்டிவிடும். இரண்டு, லென்ஸில் சிலந்தி வலை போல, வேர் போலக் கிளைவிட்டு ஓடும் பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோர வீடுகளில் பெட்டிக்குள்ளேயே கிடந்த சாமானில் இது சகஜம்.

பிறகு குழாயைத் தூரத்துச் செல்போன் டவர் மீதோ கோபுரக் கலசத்தின் மீதோ திருப்பி, இருப்பதிலேயே பெரிய எண் போட்ட ஐபீஸை வைத்துப் பாருங்கள். சூரியன் இருக்கிற பக்கம் திருப்பவே வேண்டாம். தலைகீழாகத் தெரிந்தால் பழுதில்லை, கண்ணாடி வகை அப்படித்தான் காட்டும். டவரின் கம்பிகள் வெடுக்கென்று கூர்மைக்கு வந்து, திருகினால் மீண்டும் கலைகின்றனவா என்று பாருங்கள். எவ்வளவு திருகினாலும் கூர்மை வரவில்லை என்றால், ஐபீஸுக்கு முன்னால் வேறு எதையாவது செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். லென்ஸ் தொலைநோக்கிக்கான வளைந்த துண்டைக் கண்ணாடித் தொலைநோக்கியில் மாட்டிவிட்டு "ஃபோகஸ் ஆகல" என்று அரை விலைக்குக் கொடுத்தவரையும் பார்த்திருக்கிறேன்.

கடைசியாகச் சில்லறைச் சாமான்: ஃபைண்டரும் (குறி பார்க்க மேலே மாட்டும் குட்டிக் கருவி) அதன் பிடியும், கால்களுக்கு நடுவே மாட்டும் தட்டு, விங் நட்டுகள், நீண்ட இரண்டு திருகு கேபிள்கள், எதிர் எடை. விங் நட் தொலைந்திருந்தால் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். ஃபோகஸரின் பல்சக்கரம் உடைந்திருந்தால் அதற்குத் தனிப் பாகம் கிடைப்பது கஷ்டம்.

என்ன விலை கொடுக்கலாம்?

அதே விட்டத்தில் புதுசு இன்றைக்கு என்ன விலை என்று பாருங்கள், பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். பூஞ்சையோ பூச்சு உரிதலோ இருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். கையில் மீதி வைத்துக்கொள்ளுங்கள், நல்ல ஐபீஸ் ஒன்று வாங்க வேண்டியிருக்கும்.

பஸ்ஸில் கொண்டுவரலாமா?

கொண்டுவந்திருக்கிறேன். குழாயைப் போர்வையில் சுற்றி மடியில். காலை மடக்கி சீட்டுக்கு அடியில். கண்டக்டர் "என்ன சார், வீணையா?" என்றார். பார்சல் சர்வீஸில் மட்டும் வேண்டாம். கண்ணாடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் தூக்கிப் போடுவதைத் தாங்காது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை என்ன?

ஒரு பழைய வேட்டியை விரித்து, எல்லாத் திருகுகளையும் ஒரு தடவை பாருங்கள். டிரைபாடின் கால் இணைப்புகளை இறுக்கினாலே பாதி ஆட்டம் அடங்கும். சிவப்புப் புள்ளி ஃபைண்டர் என்றால் உள்ளே சிஆர்2032 பட்டன் பேட்டரி இருக்கும்; கசிந்து பச்சை பூத்திருந்தால் காதுக் குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். ஃபோகஸரில் கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கும். வழித்து, துணியில் மண்ணெண்ணெய் தொட்டுச் சுத்தம் செய்து, வெள்ளை கிரீஸ் ஒரு பொட்டு வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். விட்டவன் சொல்கிறேன்.

கண்ணாடியில் தூசியும் கறையும் இருக்கிறது. துடைக்கலாமா?

துடைக்கவே கூடாது. தூசி மட்டும் என்றால் அப்படியே விடுங்கள். பார்ப்பதில் வித்தியாசம் தெரியாது. கறை, விரல் ரேகை, பல்லி எச்சம் என்று இருந்தால் கழுவலாம். கழுவுவது வேறு, துடைப்பது வேறு.

குழாயின் அடிப்பக்கத்து மூடியும் குழாயும் சேரும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், திரும்ப அதே வாக்கில் மாட்டுவதற்கு. சுற்றியுள்ள திருகுகளைக் கழற்றினால் கண்ணாடி தன் கிண்ணத்தோடு வெளியே வரும். மூன்று கிளிப்புகளைத் தளர்த்திக் கண்ணாடியைத் தனியே எடுங்கள். விளிம்பை மட்டுமே தொட வேண்டும்.

பிளாஸ்டிக் டப்பின் அடியில் துண்டு விரித்து, அதன் மேல் கண்ணாடியை வைத்து, வெதுவெதுப்பான தண்ணீரும் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவமும் விட்டுப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். தண்ணீருக்கு அடியிலேயே, மருந்துக் கடைப் பஞ்சை அதன் சொந்த எடையில் மட்டும் ஒரு இழுப்பு இழுங்கள். விரல் அழுத்தம் கூடாது. ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. எடுத்ததைத் திரும்ப வைத்தால் அதில் ஒட்டிய மணல் கீறும். குழாய்த் தண்ணீரில் அலசிவிட்டு, கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர், அதாவது பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர். போர் தண்ணீரில் முடித்தால் உப்பு வட்டம் வட்டமாகப் படிந்து, முன்பு இருந்ததே தேவலாம் என்றாகிவிடும். கண்ணாடியைச் செங்குத்தாகச் சாய்த்து வையுங்கள், தானே வடியும். தங்கி நிற்கும் ஓரிரு சொட்டுகளை டிஷ்யூ பேப்பரின் முனையால் உறிஞ்சி எடுங்கள்.

மாட்டும் முன் இரண்டு வேலை. ஒன்று, கண்ணாடியின் நட்ட நடுவில் அடையாளம் வைப்பது. கண்ணாடி அளவுக்கு ஒரு காகித வட்டம் வெட்டி, நாலாக மடித்தால் மையம் கிடைக்கும். அங்கே மார்க்கரால் ஒரு புள்ளி, அல்லது பஞ்ச் செய்த காகிதத்தில் ஒட்டுவார்களே, அந்த வளையம். நடுப்பகுதி எப்படியும் சின்னக் கண்ணாடியின் நிழலில் இருப்பதால் படத்துக்குக் கெடுதல் இல்லை. இரண்டு, கிளிப்பை முடுக்காமல் விடுவது. கிளிப்புக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒரு காகிதம் நுழைய வேண்டும். இறுக்கினால் கண்ணாடி நெளிந்து நட்சத்திரங்கள் முக்கோணமாகத் தெரியும்.

லென்ஸில் பூஞ்சை இருந்தால்?

வெளிப்பக்கம் என்றால் லென்ஸ் துடைக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து எடுத்துவிடலாம். துடைக்கும் முன் ரப்பர் பல்பால் ஊதித் தூசியை விரட்டுங்கள். முன் லென்ஸ் என்பது இரண்டு வில்லைகள் சேர்ந்தது. பூஞ்சை நடுவே இருந்தால் பிரித்தாக வேண்டும். பிரிப்பதற்கு முன் இரண்டின் விளிம்பும் சேர்த்து வி வடிவில் ஒரு பென்சில் குறி போடுங்கள். முன்பின் மாறியோ சுழன்றோ மாட்டினால் கூர்மை போய்விடும். தைரியம் இல்லாவிட்டால் பழைய கேமரா ரிப்பேர் செய்பவரிடம் கொடுங்கள்.

கொலிமேஷன் என்கிறார்களே, அது என்ன? செய்தே ஆக வேண்டுமா?

கண்ணாடி வகையில் பெரிய கண்ணாடி ஒன்று அடியில், சாய்ந்த சின்னக் கண்ணாடி ஒன்று மேலே. இரண்டும் ஃபோகஸரும் ஒரே நேர்கோட்டில் பேசிக்கொள்ள வேண்டும். வண்டியில் வந்த குலுக்கலில் அது கலைந்திருக்கும். அதைச் சரிசெய்வதுதான் கொலிமேஷன். வீணையா என்று கேட்டாரே கண்டக்டர், தப்பாகக் கேட்கவில்லை: மீட்டும் முன் இதற்கும் சுருதி கூட்ட வேண்டியிருக்கிறது.

கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஃபோகஸரின் வாயை மூட ஒரு பிளாஸ்டிக் மூடி வந்திருக்கும். அதன் சரியான மையத்தில் 2 மி.மீ. ஓட்டை போடுங்கள். பழைய ஃபிலிம் ரோல் டப்பா வீட்டில் கிடந்தால் அதுவும் 31.7 மி.மீ. குழாயில் கச்சிதமாக உட்காரும். பகலில், குழாயை வெளிச்சமான சுவர் பக்கம் திருப்பிப் படுக்கை வாட்டமாக வைத்து, அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள்.

முதலில் தெரிவது சின்னக் கண்ணாடி. அது வட்டமாக, ஃபோகஸர் குழாயின் நடுவே இருக்க வேண்டும். அடுத்து, அதற்குள் தெரியும் பெரிய கண்ணாடியின் பிம்பம். அதன் மூன்று கிளிப்புகளும் தெரிய வேண்டும். இரண்டுதான் தெரிகிறது என்றால் சின்னக் கண்ணாடியின் பின்னால் இருக்கும் மூன்று குட்டித் திருகுகளைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று மாற்றிப் பாருங்கள். ஒன்றைத் தளர்த்தினால் மற்றதை இறுக்க வேண்டும். இந்த நேரத்தில் குழாயைச் செங்குத்தாக வைக்காதீர்கள். ஆலன் கீ கை நழுவினால் நேராகப் பெரிய கண்ணாடி மேல்தான் விழும்.

மூன்றாவது, அடிப்பக்கம். அங்கே பெரும்பாலும் மூன்று ஜோடித் திருகுகள் இருக்கும். ஒன்று தள்ளும், ஒன்று இழுத்துப் பூட்டும். பூட்டுத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, ஓட்டைக்குள் தெரியும் உங்கள் கண்ணின் கறுப்புப் புள்ளி, நீங்கள் வைத்த மையப் புள்ளியின் மேல் வந்து உட்காரும் வரை தள்ளும் திருகுகளைத் திருகுங்கள். ஒருவர் பார்க்க, ஒருவர் திருக என்று செய்தால் பத்து நிமிட வேலை. தனியாகச் செய்தால் நடையாய் நடக்க வேண்டும். எனக்கு முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

இரவில் சரிபார்ப்பது சுலபம். பிரகாசமான ஒரு நட்சத்திரத்தை நடுவில் வைத்துக் கூர்மையைச் சற்றுக் கலைத்தால் வட்டத்துக்குள் வட்டமாக வளையங்கள் தெரியும். நடுப் புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் இன்னும் வேலை பாக்கி.

எவ்வளவு தேடினாலும் எதையும் கண்ணில் பிடிக்க முடியவில்லை.

ஃபைண்டர் ஒழுங்காக இல்லை. பகலிலேயே இதை முடித்துவிடுங்கள். அரை கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கலசமோ தண்ணீர்த் தொட்டியின் முனையோ, அதைப் பெரிய குழாயின் நடுவில் கொண்டுவந்து பூட்டுங்கள். பிறகு குழாயை அசைக்காமல், ஃபைண்டரின் திருகுகளை மட்டும் திருகி அதே முனையை அதன் குறுக்குக் கோட்டில் நிறுத்துங்கள்.

ஸ்டாண்டு விசித்திரமாக, கோணலாக, எடை தொங்கவிட்டபடி இருக்கிறது.

அது ஈக்குவடோரியல் மவுன்ட். அதன் ஒரு அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துவிட்டால், அப்புறம் ஒரே ஒரு கேபிளைத் திருகி வானத்தின் சுழற்சியைத் தொடரலாம். வெளிநாட்டுக் கையேடுகளில் இருக்கும் படத்தைப் பார்த்து அப்படியே அச்சை 40, 50 டிகிரிக்குத் தூக்கி வைத்திருப்பார்கள். நமக்கு அது தப்பு. அச்சின் டிகிரி அளவுகோலில் உங்கள் ஊரின் அட்சரேகையை வைக்க வேண்டும்: சென்னைக்கு 13, மதுரைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஏறக்குறைய 10, கன்னியாகுமரிக்கு 8. அச்சு கிட்டத்தட்டப் படுத்தே விடும். பார்க்க உடைந்தது போல இருக்கும், ஆனால் அதுதான் சரி.

படுத்த அச்சில் ஒரு தொல்லை உண்டு. எடைக் கம்பி கீழே வரும்போது வடக்கே நீட்டிய டிரைபாட் காலில் இடிக்கும். கால்களைத் திருப்பி, வடக்கே இடைவெளி வரும்படி நிறுத்துங்கள். துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்துப் புகைமூட்டத்தில்தான் கிடக்கும். போன் திசைகாட்டி காட்டும் வடக்கே போதுமானது.

கூட வந்த ஐபீஸ்கள் போதுமா?

மேலே எச் 20, எஸ்ஆர் 4 என்று பொறித்திருக்கும். எச் என்றால் ஹைகன்ஸ், எஸ்ஆர் என்றால் ராம்ஸ்டன். 1600-களிலும் 1700-களிலும் வந்த வடிவங்கள், மலிவாகச் செய்ய எளிது. எச் 20-ஐ வைத்துச் சமாளிக்கலாம். எஸ்ஆர் 4 ஊசி ஓட்டை. அதில் பார்த்துத்தான் பாதிப் பேர் வானத்தையே வெறுத்திருப்பார்கள்.

ஓரிரண்டு ஆயிரம் ரூபாய் செலவழிக்க முடியுமென்றால் 25 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் ஒன்று வாங்குங்கள். 900 குழாயில் அது 36 மடங்கு. முழு நிலாவும் உள்ளே அடங்கும், தேடுவதும் எளிது. அடுத்த வருடம் 10 மி.மீ. ஒன்று. மூன்று மடங்கு பார்லோவைப் பையனிடம் விளையாடக் கொடுத்துவிடலாம்.

பழைய பெட்டியில் "சன்" என்று எழுதிய கறுப்பு ஃபில்டர் ஒன்று இருக்கிறது. சூரியனைப் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. அதைச் சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி. ஐபீஸின் அடியில் திருகும் அந்தக் கண்ணாடி, குழாய் குவித்துத் தரும் வெப்பம் முழுவதையும் ஒரே இடத்தில் வாங்குகிறது. திடீரென்று விரிசல் விடும். அந்த நொடியில் அங்கே இருப்பது உங்கள் கண்.

சூரியனைப் பார்ப்பதற்கான ஃபில்டர் குழாயின் முன் வாயை முழுக்க மூட வேண்டும். அதற்கென்றே விற்கும் சோலார் ஃபிலிம் மட்டும். எக்ஸ்ரே படம், வெல்டிங் கண்ணாடி என்று வீட்டு வைத்தியம் கூடாது. ஃபைண்டரையும் மூடிவிடுங்கள் அல்லது கழற்றிவிடுங்கள். 2019 டிசம்பர் 26-ஆம் தேதி கோவை, திண்டுக்கல் பக்கம் தெரிந்த கங்கண கிரகணத்துக்காக வாங்கிய ஃபிலிம் சில பெட்டிகளோடு வரும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவு ஓட்டையோ மடிப்புக் கீறலோ தெரிந்தால் அதையும் தூக்கிப் போடுங்கள்.

படம் கொதிக்கிற தண்ணீருக்கு அடியில் இருப்பது போல நெளிகிறது.

மொட்டை மாடி. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு பத்து மணி வரை அனல் விடும். சாயங்காலமே நாலு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், அல்லது மண் தரையில் வையுங்கள். ஏ.சி. அறையிலிருந்து எடுத்த குழாயை அரை மணி நேரம் வெளியில் ஆறவிடுங்கள். நெளிவு இல்லாமல் ஆட்டம் என்றால் டிரைபாடின் கால்களை முழுக்க இழுக்காமல், நடுவில் மணல் நிரப்பிய மஞ்சள் பை ஒன்றைத் தொங்கவிடுங்கள்.

முதலில் எதைப் பார்ப்பது?

நிலா. ஆனால் பௌர்ணமியன்று வேண்டாம், கண் கூசும், எல்லாம் தட்டையாகத் தெரியும். வளர்பிறை சப்தமி, அஷ்டமி வாக்கில், வெளிச்சமும் இருட்டும் சேரும் கோட்டில் பாருங்கள். குழிகளின் விளிம்பு நிழலோடு எழுந்து நிற்கும். வியாழனின் நான்கு நிலாக்கள் 25 மடங்கிலேயே தெரியும், மறுநாள் இடம் மாறியிருக்கும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பை மட்டும் காட்டி நின்றது. இப்போது வருடா வருடம் விரிந்துகொண்டு வருகிறது, 2032 வாக்கில் நன்றாக அகன்றிருக்கும். குளிர்காலத்தில் கார்த்திகைக் கூட்டம், திருவாதிரைக்குக் கீழே ஒரையன் நெபுலா என்கிற வாயு மேகம்.

நமக்கென்று ஒரு சலுகை உண்டு. ஒமேகா சென்டாரி என்கிற, நட்சத்திரங்கள் பந்து போலத் திரண்ட கோளக் கொத்து சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே சென்னையிலிருந்து ஏறக்குறைய 30 டிகிரி உயரத்துக்கு வரும். லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நகர வெளிச்சத்தை விட்டு வெளியே, 114 மி.மீ. குழாயில், கோலப்பொடியைக் கிள்ளித் தூவியது போல இருக்கும்.

படங்களில் வருவது போல வண்ணமாகத் தெரியுமா?

தெரியாது. நெபுலாக்கள் சாம்பல் நிறம்தான். அந்த வண்ணமெல்லாம் நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுக்கும் கேமராவுடையது.

எதைத் திருகினாலும் சரியாகவில்லை. யாரிடம் போவது?

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பல ஊர்களில் வான்நோக்கு நிகழ்ச்சி நடத்துகிறார்கள். தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டே போங்கள், கை வைக்க ஆள் கிடைக்கும். நன்றாக ஒழுங்குபடுத்திய குழாய் ஒன்றில் நீங்களும் ஒரு தடவை பார்த்துவிடுவீர்கள். அதன் பிறகுதான் உங்களுடையதில் என்ன குறை என்று புரியும்.

மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

ஐப்பசி, கார்த்திகையில் எப்படியும் வானம் கிடைக்காது. ஐபீஸ்களை மூடி இறுக்கமான டப்பாவில் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு போடுங்கள். குழாயைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணி போதும். பனியில் நனைந்து வந்த இரவில் மூடியை உடனே போடாமல், காய்ந்த பிறகு போடுங்கள்.

ஆர்வம் போய்விட்டால் திரும்ப விற்க முடியுமா?

பழசு வாங்கியதன் லாபமே அதுதான். விழ வேண்டிய விலை ஏற்கெனவே விழுந்துவிட்டது. ஐபீஸில் போனை வைத்து எடுத்த நிலாப் படம் ஒன்றை விளம்பரத்தில் போடுங்கள், சீக்கிரம் போகும். 2,500-க்கு வாங்கிய அந்த 76-ஐக் கழுவி, ஒழுங்குபடுத்தி, இரண்டு வருடம் பார்த்துவிட்டு 2,800-க்குக் கொடுத்தேன். வாங்க வந்தது அப்பாவும் எட்டாவது படிக்கும் மகளும். பணத்தை எண்ணும் முன்பே பெரிய மூடியைக் கழற்றிக் காட்டிவிட்டேன்.